போகப் போகச் சரியாகிவிடுமா?

புதிதாகத் தோல் செருப்பு வாங்குகிறவர் கடையிலேயே நான்கடி நடந்து பார்த்து, "கொஞ்சம் பிடிக்கிறதே" என்று தயங்கினால், கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "போகப் போகச் சரியாகிவிடும்." மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையானாலும், பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையானாலும் இந்த மறுமொழி மாறுவதில்லை. இதே சொற்களை நம் வீடுகளிலும் கேட்கிறோம். மணமாகி மூன்றாம் மாதமே கண்கலங்கித் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளிடம், பெரியவர்கள் தலையைத் தடவிச் சொல்வதும் இதைத்தான். செருப்பைப் பொறுத்தவரை இச்சொல் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிட்டால், மனிதரிடம் இதைச் சொல்ல நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதும் ஓரளவு தெளிவாகும்.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓர் இயற்கை நெசவு. ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ச்சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோல் கெட்டியானது. எளிதில் வளைந்து கொடுக்காது. ஆனால் காலின் வெப்பமும் வியர்வையின் ஈரமும் நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால், அதன் இழைகள் சற்றே நெகிழ்ந்து, மேலிருந்து அழுத்தும் எடைக்கு ஏற்ப அமர்கின்றன. குதிகாலுக்கு ஒரு பள்ளமும் பெருவிரலுக்கு ஒரு பள்ளமும் விழுகின்றன. சில வாரங்களில் அந்தச் செருப்பு அவருக்கே உரியதாகிவிடுகிறது; இன்னொருவர் அணிந்தால் அவருக்கு அது மீண்டும் அயலாகிறது. குரோமிய உப்பினால் பதனிட்ட தோலோ முதல் நாளே மென்மையாக இசைகிறது. ஆயினும் காலின் வடிவை அவ்வளவு ஆழமாக வாங்கிக்கொள்வதில்லை. தாம்பரத்துக்கு அடுத்துள்ள குரோம்பேட்டை இந்த இரண்டாம் முறையிலிருந்தே தன் பெயரைப் பெற்றது என்பது பலருக்கு நினைவிருக்காது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜி.ஏ. சேம்பர்ஸ் அங்கு நடத்திய குரோம் தோல் தொழிற்சாலையே ஊருக்குப் பெயராயிற்று.

கெட்டித் தோலைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் அணிந்து கழற்றிவிட வேண்டும். மறுநாள் சற்றுக் கூடுதலாக அணியலாம். வாரின் உட்புறத்தில் விளக்கெண்ணெயைத் துணியால் மெல்லத் தடவி ஓர் இரவு விட்டுவைக்கலாம். தண்ணீரில் நனைத்து வெயிலில் போடுவது மட்டும் கூடாது. தோல் முன்னிலும் விறைத்து வெடித்துப்போகும். பகல் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அளவு பார்த்து வாங்குவதற்கும் மாலையே ஏற்றது. இத்தனையிலும் உயிர்நாடியான செயல் கழற்றிவைப்பதுதான். கால் தன் புண்ணை ஆற்றிக்கொள்ள இடைவெளி இருந்தால்தான் பழகுதல் நடைபெறும். புதுச் செருப்போடு ஒரே மூச்சில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்படுகிறவரின் கால் எவ்வளவு பக்தியிருந்தாலும் கொப்பளிக்கவே செய்யும்.

இன்னொன்றும் உண்டு. தோல் அகலத்தில் ஓரளவு இளகும். நீளத்தில் இளகுவது அரிது. விரல் நுனி அடித்தோலின் விளிம்பைத் தாண்டி நின்றால், அந்தச் செருப்புப் பத்தாண்டு அணிந்தாலும் பொருந்தப் போவதில்லை. அங்கே "போகப் போக" என்பது வெறும் விற்பனைப் பேச்சு.

நம் மொழி இதில் நுட்பமானது. "செருப்புக் கடிக்கிறது" என்கிறோம். குற்றத்தைச் செருப்பின்மீது வைக்கிறோமே தவிரக் காலின்மீது வைப்பதில்லை. ஆனால் மனிதரைப் பற்றிப் பேசும்போது இந்த இலக்கணம் எப்படியோ தலைகீழாகி, கடிபட்டவரிடமே பொறுமை போதவில்லை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

வலியே தோன்றாவிட்டால் என்ன ஆகும்? தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது. தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டவரின் பாதம் உணர்விழக்கிறது. செருப்பின் வார் உரசித் தோல் கிழிந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் புண்ணின்மீதே நடந்து நடந்து பாதத்தை இழக்கிறார். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட் கண்டு சொன்னதும் இதுவே: விரல்கள் சிதைவதற்குப் பெருங்காரணம், வலி என்னும் காவல் இல்லாமற் போவது. நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இது பொருந்தும். அத்தகையோர் கெட்டித் தோலைப் பழக்க முயலவே கூடாது. அவர்களுக்கென மென்ரப்பரில் செய்யும் காலணிகள் உண்டு. ஆகவே "பழகிவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது, செருப்பு இளகியதா, கால் மரத்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; இரண்டிலும் முனகல் நின்றுவிடுகிறது.

தோல் தொழிலே இதற்கு வேறொரு சான்று தருகிறது. தொழிற்சாலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்ட மக்கள் நெடுங்காலம் பொறுத்திருந்தார்கள். கிணறு தானாகத் தெளியவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதைத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. அபராதம் விதிக்கப்பட்ட தோல் ஆலைகளின் மாவட்டங்களுள், அந்நாளில் தாம்பரமும் பல்லாவரமும் அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. இளகியிருக்க வேண்டிய தரப்பு எது என்பதை அங்கே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

வாசலில் நிற்கும் மகளிடம் வருவோம். புது இல்லத்தில் உணவு வேறு, பேச்சு வேறு, விடியும் நேரமும் வேறு. இவை அகலத்தின் நெருக்கங்கள்; இருபுறமும் இளகினால் பெரும்பாலும் தீரும். அடியும், நாள்தோறும் இழிசொல்லும், பிடுங்கப்படும் சம்பளமும் அப்படிப்பட்டவையல்ல. திருமணப் பிணைப்பை முறியாததாகக் கொள்ளும் நம் திருச்சபையே, 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் விதியில், உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணைவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று ஏற்றிருக்கிறது. காலம் தாழ்த்தினால் ஆபத்து எனில், ஆயரின் ஆணைக்குக் காத்திராமலே பிரியலாம் என்றும் கூறுகிறது. சிலுவையைச் சுமக்கச் சொல்லும் நாவுகள் இந்த விதியையும் சொல்லியிருந்தால் எத்தனையோ பெண்கள் நெடுநாள் மரத்துப்போயிருக்க மாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம். ஒருமுறை கழற்றிவைக்கக்கூட இடந்தராத இடத்தில் பொறுமையைப் போதிப்பது நமக்கு உடன்பாடில்லை.

தொழில் தெரிந்த செருப்புத் தொழிலாளி, "போகப் போக" என்று சொல்வதற்கு முன் குனிந்து உட்காருகிறார். "எங்கே பிடிக்கிறது?" என்று கேட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். வாரில் என்றால் ஒரு துளை தள்ளி மாட்டித் தருகிறார். விரல் நுனியில் என்றால், எழுந்து போய் அடுத்த அளவை எடுத்து வருகிறார்.