உறை ஒழுகலாம், வாக்கு ஒழுகலாமா?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் காஹாங். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் பலர் இவ்வூர் வழியாகவே கம்போங் பெத்தாவை அடைகின்றனர். படகுப் பயணம், நீர்வீழ்ச்சி, காட்டு மழை என அங்கே எங்கும் தண்ணீர். எனவே காமிரா கொண்டு செல்வோர் அது நனையாதிருக்க ஓர் உறையைத் தேடுவது இயல்பேயாகும்.

அத்தகைய ஒருவர் நம்மவர் கடையில் ஐம்பது வெள்ளிக்கு நீர்புகா உறையொன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். "தண்ணீர் புகுமா?" என்று கேட்கிறார். "ஒரு சொட்டுக்கூடப் புகாது" என்கிறோம். மூன்றாம் நாள் திரும்பி வருகிறார். உறைக்குள் தண்ணீர், இரண்டாயிரம் வெள்ளி காமிரா பாழாகிவிட்டது. காமிராவின் வாரண்டி அட்டையைப் பார்த்தால், நீரால் வரும் சேதத்திற்குப் பொறுப்பில்லை என்றிருக்கிறது. உறையின் அட்டையோ, உறைக்கு மட்டுமே பொறுப்பு, உள்ளிருக்கும் பொருளுக்கில்லை என்கிறது. இவ்விரண்டு அட்டைகளுக்கும் நடுவே நிற்கும் அம்மனிதருக்கு யார் பொறுப்பு?

"அட்டையில் உள்ளதுதான் பேச்சு" என்று கையை விரித்துவிடுவது எளிது. ஆனால் அவர் வாங்கியது வெறும் பிளாஸ்டிக்கையா? இல்லை, காமிரா நனையாது என்ற நம்பிக்கையை அன்றோ வாங்கினார்! அந்த நம்பிக்கையை அவருக்குத் தந்தது அட்டையல்ல, நமது நாவு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் தட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டதென்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே காட்டியதே குற்றம். நமது உறை விஷயமும் இவ்வாறே.

குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நமது பிக்ஹு நூல்கள் வாங்கியவருக்கு அளித்துள்ளன. விற்றவர் அக்குறையை அறியாதிருந்தாலும் அவ்வுரிமை உண்டு. அறிந்தே மறைத்தால் பாவமும் சேர்கிறது. இந்நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் பொருள் தன் நோக்கத்திற்குத் தகுந்ததாயிருக்க வேண்டுமென்கிறது. குறையால் விளைந்த பிற நஷ்டத்திற்கும் ஈடு கேட்க வழி வைத்திருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே 50,000 வெள்ளி வரை வழக்காடலாம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இப்பாடம் உண்டு. தண்ணீரில் பயன்படுத்தலாம் என்று கைத்தொலைபேசிகளை விளம்பரம் செய்து வாடிக்கையாளரைத் தவறாக எண்ணச் செய்ததற்காக, 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மறுபக்கத்தையும் நோக்குவதே நீதி. உறையின் வாயை அடைப்பது ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமயிரோ மணல் துகளோ சிக்கினால் போதும், தண்ணீர் உள்ளே புகும். அன்றியும் 'நீர்புகாது' என்ற சொல்லுக்கும் எல்லையுண்டு. ஐ.பி.எக்ஸ். 7 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கியதை மட்டுமே குறிக்கும். வாடிக்கையாளர் வளையத்தைத் துடைக்காமல் மூடியிருந்தால் அவர் பங்கும் இருக்கிறது. ஆனால் துடைக்க வேண்டுமென்று நாம் சொன்னோமா? ஆழத்தின் எல்லையைச் சொன்னோமா? சொல்லியிருந்தால் கவனக்குறைவு அவருடையது. சொல்லாமல் "ஒரு சொட்டுக்கூடப் புகாது" என்றிருந்தால், நஷ்டத்தில் நமக்கும் பங்குண்டு என்பதே நமது கருத்து.

செய்ய வேண்டியது கடினமன்று. விற்குமுன் வெறும் உறைக்குள் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, வாடிக்கையாளர் முன்னிலையில் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டுவோம். காகிதம் நனைந்தால் அவ்வுறையை விற்க வேண்டாம். உலர்ந்திருந்தாலும் அதன் எல்லையை எடுத்துச் சொல்வோம். அதன் பிறகும் ஒழுகிவிட்டதென்று அவர் வந்தால், "கம்பெனிக்கு எழுதிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடாமல், ரசீதையும் உறையையும் வைத்து மொத்த வியாபாரிக்கு நாமே எழுதுவோம். கம்பெனியை அறியாத அவர், நம் முகத்தை நம்பியன்றோ வாங்கினார்!

இதனால் சில வெள்ளிகள் குறையலாம். சில பொருள்கள் விலைபோகாமலும் நிற்கலாம். ஆயினும் ஈரத்தை மேலே வைத்து விற்கும் கடையில்தான் பரக்கத் இறங்கும். வல்ல அல்லாஹ் நமது நாவையும் தராசையும் நேராக்கி அருள்வானாக! ஆமீன்.