வாங்கும் படியும் கொடுக்கும் படியும்

தானிய வணிகத்தில் பழைய மோசடி ஒன்று உண்டு. குடியானவனிடம் நெல்லை வாங்கும்போது ஒரு படி. அதே நெல்லை ஊராருக்கு விற்கும்போது வேறொரு படி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதன் வயிறு சற்றே பெரிது, பின்னதன் அடி சற்றே மேடு, அவ்வளவுதான். எம் தந்தையாரின் கடையில் முத்திரைப் படி ஒன்றே இருந்தது. அதனால் பெருஞ்செல்வம் எதுவும் சேர்ந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைத் திண்ணையில்தான், 1956-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், அஸர் தொழுகை முடிந்து வரும் பெரியவர்கள் கூடியிருக்க, ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். நாம் அப்போது சிறுவர். சூயஸ், நாசர், போர்ட் சயீத் என்னும் பெயர்கள் எமக்கு அங்கேதான் அறிமுகமாயின. எகிப்தின் மீது குண்டு விழுந்த செய்தியைக் கேட்டு முதியவர் சிலர் கண்ணீர் விட்டதைக் கண்டோம். அதே தாளில் ஹங்கேரி என்றொரு நாட்டின் பெயரும் வந்தது. "அது யார் பக்கத்து நாடு?" என்று ஒருவர் கேட்டார். "ரஷ்யாக்காரன் அங்கே கலகத்தை அடக்குகிறான். அவன் மிஸ்ருக்குத் துணை நிற்பவன்" என்று மறுமொழி வந்தது. பக்கம் புரட்டப்பட்டது. முத்திரைப் படியன்றி வேறு படி அறியாத எம் தந்தையாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று புரட்டிய பக்கத்தை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்துப் பார்க்க விழைகின்றோம்.

அக்டோபர் 23-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரின் மாணவர்கள் 16 கோரிக்கைகளோடு ஊர்வலம் சென்றனர். இரகசியப் போலீசின் கொடுமையும், வயல்களைப் பறித்துக் கூட்டுப் பண்ணையாக்கிய வன்மையும், அந்நியப் படை தம் மண்ணில் தங்கியிருந்த இழிவும் அம்மக்களின் நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் மூண்டிருந்தன. அன்றிரவே ஸ்டாலினின் பேருருவச் சிலை சாய்க்கப்பட்டது. வானொலி நிலையத்தின் முன் துப்பாக்கிகள் வெடித்தன. மறுநாள் விடியுமுன் சோவியத் டாங்குகள் நகருக்குள் நுழைந்தன.

அந்த மறுநாள், அக்டோபர் 24, இன்னொரு வகையிலும் நினைவில் வைக்கத்தக்கது. பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் இடத்தில், ஒரு தனி மாளிகையில், பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்று அரசுகளின் பிரதிநிதிகள் இரகசிய உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டதும் அன்றுதான். இஸ்ரேல் முதலில் சினாயில் புகும். பிறகு, போரிடும் இருவரையும் விலக்கி வைக்க வந்த நடுவரைப் போல மற்ற இருவரும் கால்வாயைக் கைப்பற்றுவர். இதுவே ஏற்பாடு. தம் நாட்டின் பிரதியை அழித்துவிடும்படி பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் உத்தரவிட்டார். இஸ்ரேலிடம் ஒரு பிரதி எஞ்சியிருந்தமையால் இன்று உலகம் அதைப் படிக்கின்றது.

அக்டோபர் 29-இல் இஸ்ரேலியப் படை சினாயில் இறங்கியது. 31-ஆம் நாள் எகிப்தின் விமான தளங்கள் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. ஹங்கேரியிலோ அந்நாட்களில் அமைதி திரும்புவதுபோல் தோன்றிற்று. பிரதமர் இம்ரே நாகி போர்நிறுத்தம் அறிவித்திருந்தார். தோழமை நாடுகளை இனிச் சமமாக நடத்துவோம் என்று 30-ஆம் நாள் மாஸ்கோ அறிக்கை விட்டது. ஆனால் 31-ஆம் நாள் அத்தலைமையே மனம் மாறியது. அன்றைய கூட்டத்தின் குறிப்புகள் பிற்காலத்தில் வெளிவந்துள்ளன. ஹங்கேரியை விட்டுக்கொடுத்தால் அது நம் பலவீனமாகக் கொள்ளப்படும், எகிப்தைத் தாக்குவோர் ஹங்கேரியையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வர் என்ற கருத்தில் குருஷேவ் பேசியிருக்கிறார். நவம்பர் 4-ஆம் நாள் அதிகாலையில் டாங்குகள் பெரும் எண்ணிக்கையில் திரும்பி வந்தன. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர் மாண்டனர். சோவியத் வீரர்களும் சுமார் 700 பேர் இறந்தனர். இரண்டு இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினர்.

கிளர்ச்சியாளரின் கைகள் முற்றும் தூயவை என்று நாம் கூறவில்லை. இரகசியப் போலீசார் சிலரை அவர்கள் தெருவில் அடித்துக் கொன்றதும் உண்மை. அது ஒரு நாட்டையே நசுக்குவதற்கு நியாயமாகிவிடாது.

இனி வல்லரசுகளின் நாவன்மையைப் பாருங்கள். எகிப்தின் மீது குண்டு வீசிக்கொண்டே இலண்டனும் பாரிஸும் ஹங்கேரியின் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தன. புடாபெஸ்டை நொறுக்கிய மறுநாளே சோவியத் பிரதமர் புல்கானின், எகிப்துக்காகக் கொதித்தெழுந்து, ஏவுகணைகளை நினைவூட்டி ஈடனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா சூயஸில் தன் தோழர்களையே கண்டித்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பணத்தில் மியூனிக்கிலிருந்து நடந்த வானொலி ஹங்கேரியரை ஊக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, உதவிக்கு வருவதில்லை என்ற முடிவு வாஷிங்டனில் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு படிகள்!

வல்லரசுகளைப் பழிப்பது எளிது. நம் பக்கத்துக் கணக்குதான் கடினமானது. சூயஸ் ஆக்கிரமிப்பை இந்தியா உடனே, ஐயத்துக்கு இடமின்றிக் கண்டித்தது. ஹங்கேரியைப் பற்றியோ, செய்திகள் தெளிவாக இல்லை என்ற தயக்கம் முதலில் எழுந்தது. நவம்பர் 4-ஆம் நாள் பொதுச் சபைத் தீர்மானத்தின்போது இந்தியா நடுநிலை வகித்தது. எகிப்து உட்பட அரபு நாடுகள் பலவும் அவ்வாறே செய்தன. 9-ஆம் நாள், படை விலக வேண்டும், ஐக்கிய நாடுகளின் பொறுப்பில் தேர்தல் நடக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றோர் அப்போதே மனம் நொந்து பேசினர். 14-ஆம் நாள் வெளியான நான்கு ஆசியப் பிரதமர்களின் கூட்டறிக்கையில்தான், சோவியத் படை விலக வேண்டும் என்ற சொல் நேருவின் ஒப்பத்தோடு வந்தது. புடாபெஸ்டில் தூதரகப் பொறுப்பில் இருந்த எம்.ஏ. ரஹ்மான் நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பியதும் இம்மாற்றத்துக்கு உதவியது.

ஓர் இடத்தில் நமக்குத் துணை நிற்பவன் வேறோர் இடத்தில் அநீதி செய்தால், நாம் வாய் திறவாதிருத்தல் தகுமா? தகும் என்பாரின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1955 டிசம்பரில் ஸ்ரீநகருக்கே வந்து காஷ்மீர் இந்தியாவுடையது என்று சொன்னவர் குருஷேவ். 1957 பிப்ரவரியில் பாதுகாப்புச் சபையில் இந்தியாவைக் காத்தது சோவியத் மறுப்பு வாக்கு. வறிய நாடு நண்பனை இழந்துவிட்டு அறத்தை மட்டும் உண்டு வாழ இயலுமா என்று அவர்கள் கேட்பர். மேலும், உரக்கப் பேசாத உறவால் சில உயிர்கள் பிழைத்ததும் உண்டு. 1958-இல் ஆயுள் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆர்பாட் கோன்ட்ஸ், நேரு தலையிட்டதாலேயே தூக்கிலிருந்து தப்பினார் என்று ஹங்கேரியில் சொல்வதுண்டு. அவரே 1990 முதல் 2000 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார்.

இவையெல்லாம் உண்மையே. எனவே மௌனம் அனைத்தும் பாவம் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. வலிமையற்றவனின் மௌனம் ஒன்று உண்டு. அவன் நெஞ்சு கொதிக்கும், நா மட்டும் கட்டுண்டிருக்கும். ஆனால் மௌனம் பெரும்பாலும் அந்த நிலையில் நிற்பதில்லை. நாளடைவில் அது காரணம் கற்பிக்கத் தொடங்குகிறது. "அங்கே நடப்பது கலகம்", "அவர்களை ஆட்டிவைப்பது அந்நியக் கை", "செய்தி தெளிவாக இல்லை" என்றெல்லாம் பேச ஆரம்பிக்கும் கணத்தில் அது மௌனமாக இல்லை. சாட்சியமாகிவிடுகிறது, அதுவும் பொய்ச் சாட்சியம். எம் கடைத் திண்ணையில் ஹங்கேரியின் துயரை எவரும் கொண்டாடவில்லை. 'கலகம்' என்ற ஒரு சொல்லை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எகிப்தின் மீது கொண்ட அன்பினால் ஹங்கேரியை மறந்தோம் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். சூயஸின் புகைமூட்டம் மாஸ்கோவுக்குத் திரையாயிற்று. புடாபெஸ்டின் ஓலம் இலண்டனுக்குத் திரையாயிற்று. ஓர் அநீதி மற்றதற்கு வேலியாக நின்றது. ஆகவே எகிப்துக்கு நியாயம் வேண்டியவன் ஹங்கேரிக்காகவும் பேசியிருந்தால், அவன் குரல் எகிப்துக்கே வலுவூட்டியிருக்கும். அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் தனி அத்தியாயமே இருப்பதை அறிந்த நாம், அது நெல்லுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரியது என்று எண்ணிவிட்டோம் போலும்.

அந்தப் படிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தபோது, மார்ச் 2-ஆம் நாள் பொதுச் சபையில் 141 நாடுகள் அதைக் கண்டித்தன. நாடுகளின் எல்லை புனிதமானது என்று அன்று முழங்கிய அமெரிக்கா, 2023 டிசம்பர் 8-இல் காஸாவில் போரை நிறுத்தக் கோரிய தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபையில் தன் ஒற்றைக் கையால் வீழ்த்தியது. காஸாவுக்காக உருகிய ரஷ்யா, உக்ரைன் நகரங்களின் மீது ஏவுகணை வீசுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. 1956-இல் உலகத்தை நோக்கிக் கை நீட்டிய ஹங்கேரியோ, தன் கிளர்ச்சி நாளுக்கு நான்கு நாள் கழித்து, 2023 அக்டோபர் 27 அன்று, காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த 14 நாடுகளுள் ஒன்றாக இருந்தது. நம் வீடுகளிலும் காஸாவின் படங்களைக் கண்டு உணவு இறங்காமல் எழுந்தவர்கள், கீவ் நகரத்துக் குழந்தையின் படம் வந்தபோது என்ன செய்தோம் என்பதை அவரவரே அறிவர்.

ஹங்கேரியின் கதையில் இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. 1957-இல் ஐக்கிய நாடுகள் சபை அங்கு நடந்ததை விசாரிக்க ஐந்து நாடுகள் கொண்ட குழுவை அமைத்தது. இலங்கையும், அதற்கு முந்திய ஆண்டில்தான் விடுதலை பெற்ற துனீசியாவும் அதில் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட அகதிகள் சாட்சியம் கூறினர். ஊரில் விட்டு வந்த பெற்றோரும் பிள்ளைகளும் பழிவாங்கப்படுவர் என்று அஞ்சி, அவர்களுள் பெரும்பாலோர் தம் பெயரை மறைக்க வேண்டினர். அது மக்கள் தாமே எழுந்த தேசியக் கிளர்ச்சி என்று குழு ஒருமனதாக அறிக்கை தந்தது. அக்குழுவின் துணைச் செயலாளராக இருந்தவர் போவ்ல் பாங்-யென்சன் என்னும் டென்மார்க் நாட்டவர். சாட்சிகளின் பெயர்ப் பட்டியலை ஒப்படைக்குமாறு மேலதிகாரிகள் கேட்டபோது, அது தம்மிடம் நம்பி விடப்பட்ட அமானிதம் என்று அவர் மறுத்துவிட்டார். 1958 ஜனவரியில், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் கட்டடத்தின் மேல்தளத்தில், அதிகாரிகள் பார்த்து நிற்க, முத்திரையிட்ட உறைகள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்நகரத்துப் பூங்கா ஒன்றில் குண்டு பட்டு இறந்து கிடந்தார். தற்கொலை என்று போலீசார் முடிவு செய்தனர். பட்டியல் எவர் கைக்கும் போகவில்லை.