எந்த ஊரை அடிப்பது?

உங்கள் கையில் ஒரு பென்சிலையும் நூறு ஊர்களின் பட்டியலையும் கொடுத்து, 'நஷ்டம் தருகிற ஊர்களையெல்லாம் அடியுங்கள்' என்றால் அடித்துவிடுவீர்களா?

2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் திவாலானது. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர் கஸுவோ இனமோரி. கியோசெரா கம்பெனியை நிறுவியவர், வயது 78, சம்பளமே வேண்டாம் என்றார். ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் தனித்தனியாக வரவு செலவு பார்க்க வைத்தார். பல தடங்கள் போயின. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களும் போக நேர்ந்தது. அரசும் பணம் போட்டது. 2012-ல் கம்பெனி பங்குச் சந்தைக்குத் திரும்பிவிட்டது.

சபாஷ்! ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன ஊரிலிருந்து டோக்கியோ வருகிறவர், அங்கே விமானம் மாறி நியூயார்க் போகிறார் என்று வையுங்கள். லாபம் பெரிய விமானத்தின் பேரில். நஷ்டம் சின்ன விமானத்தின் தலையில். சின்னதை அடித்தால் பெரியதில் ஸீட் காலி.

சரி, அப்படிக்கூட உதவாத தடம்? கடல் நடுவே ஒரு தீவு. அவசரத்துக்கு விமானம்தான் கதி. நிறுத்தினால் பாவம். அந்தப் புண்ணியத்தின் செலவை ஒரு கம்பெனி தலையில் கட்டிவிட்டு, அது கடனில் மூழ்குவதை வேடிக்கை பார்ப்பதும் பாவம்தானே? ஜப்பானில் தீவுத் தடங்களுக்கு அரசு மானியம் உண்டு. அதுதான் நேர்மை: வேண்டுமென்றால் எல்லோருமாகச் சேர்ந்து, தெரிந்தே காசு கொடுப்பது.

ஆகவே, பென்சிலைத் தொடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஊரால் வேறு யாருக்கு லாபம்? இதன் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? பதில் தெரியாமல் அடிப்பது கொடுமை. தெரியாமல் விட்டுவைப்பதும் அப்படித்தான்.