ஷூட்டிங் மட்டத்துப் புல்

ஊட்டிக்குப் போகிறவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா. கூடலூர்ச் சாலையில் பைன் காடு, ஷூட்டிங் மட்டம், பைக்காரா. வாடகை வண்டி ஓட்டுபவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் குன்னூர்ப் பக்கம் சிம்ஸ் பூங்காவும் டால்பின் நோஸும் லாம்ஸ் ராக்கும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எதையும் அழகில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க வெயிலில் உழைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மே மாதத்தில் மலையேறுகிற குடும்பத்தின் மகிழ்ச்சியில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பட்டியலை முழுதாகப் பார்த்து முடித்தவரும் நீலகிரியை அநேகமாகப் பார்க்காமலே இறங்குகிறார் என்பது என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

பட்டியலில் பெரும்பாலானவை பிற்காலத்தில் உருவாக்கியவை. படகு இல்லம் நிற்கும் ஏரியிலிருந்து தொடங்கலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்துக் கட்டியது அது. அன்று இருந்த ஏரியில் ஒரு பகுதிதான் இன்று மிச்சம். குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடமும் பேருந்து நிலையமும் பழைய ஏரிப் பரப்பில்தான் இருக்கின்றன. தாவரவியல் பூங்காவை 1848இல் மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கினார். பைன் அயல்நாட்டு மரம். மலை முழுக்க மணக்கும் கற்பூர மரம் 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான். தேயிலை வந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

கற்பூரத்தையும் சீகையையும் முதலில் விறகுக்காக நட்டார்கள். குடியேறிய வெள்ளைக்காரர்களின் கணப்புகளுக்கு, இந்த மலையின் சொந்தக் காடான சோலையின் மரங்களை வெட்டி எரித்தார்கள். சோலை மீண்டும் வளர நூற்றாண்டுகள் ஆகும் என்று தெரிந்ததும், வேகமாக வளரும் மரங்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். பிறகு தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. விடுதலைக்குப் பிறகு சிறுமுகையில் செயற்கை இழை ஆலை வந்தபோது, அதற்கு மரக்கூழ் வேண்டும் என்று நம்முடைய அரசே மேடு மேடாகக் கற்பூரமும் சீகையும் நட்டது. ஆலை மூடிவிட்டது. மரங்கள் இருக்கின்றன.

நட்ட இடம் காலி நிலம் என்றுதான் அன்று நினைத்தார்கள். மரம் இல்லாத இடம் வீணாகக் கிடக்கும் இடம் என்ற எண்ணம் வெள்ளைக்கார வனத்துறையிடம் இருந்தது. அது நம்மிடமும் அப்படியே தங்கிவிட்டது. அரசு ஆவணங்களில் புல்வெளி தரிசாகவே எழுதப்பட்டது. ஆனால் அங்கே புல் இருந்தது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, மேடுகள் முழுக்கப் புல், மடிப்புகளில் ஓடையை ஒட்டிச் சோலை என்பதுதான் இந்த மலையின் இயல்பான அமைப்பு. திறந்த மேட்டில் மார்கழி, தை உறைபனி விழும்போது சோலை மரத்தின் இளங்கன்றுகள் கருகிவிடும். ஆகவே சோலை தன் மடிப்பைத் தாண்டிப் பெரிதாகப் பரவாது. காட்டை வெட்டியதால் வந்த புல் இது என்று சிலர் சொல்லிவந்தார்கள். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், சதுப்புக்குள் படிந்து கிடக்கும் மட்கிய கரிமண்ணை ஆராய்ந்த சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993இல் வேறு விடை சொன்னார்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. பைன் காட்டிலிருந்து ஷூட்டிங் மட்டத்துக்கு விரையும் வண்டிகள் அந்தச் சாண்டிநல்லாவைக் கடந்துதான் போகின்றன.

பட்டியலில் மலைக்கே உரிய பழைய நிலம் அறவே இல்லையா என்றால், இருக்கிறது. தொட்டபெட்டாவுக்கு ஏறும் வழியில் சோலை உண்டு. 2,637 மீட்டர் உச்சியில் உள்ள தொலைநோக்கியை நோக்கி விரைபவர் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். ஷூட்டிங் மட்டமும் பழைய புல்வெளியின் மிச்சம்தான். எத்தனையோ சினிமாப் பாடல்களில் நாம் பார்த்த சரிவு அது. அங்கே போய் நிற்பவர்கள் கீழே குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. கால் வைத்திருக்கும் இடத்தில் ஒரே புல் இல்லை, பல வகைப் புல்கள் கலந்திருக்கின்றன. இடையிடையே விரல் நகம் அளவுக்குப் பூக்கும் செடிகள் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் வீடும் இத்தகைய புல்வெளிதான். கூட்டம் மிதித்து மிதித்துச் சரிவின் பல இடங்களில் மண் வெளியே தெரிகிறது. பூங்காவில் புல்தரையை மிதிக்காதீர்கள் என்று பலகை வைத்துக் காக்கிறோம். அது சென்ற நூற்றாண்டுகளில் விதைத்த புல். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வரையாடு இந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 1,031தான் இருந்தன. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகளுக்கும் இதுவே மேய்ச்சல் நிலம். அவர்களுடைய கோயிலுக்கும் பழைய வளைகூரை வீட்டுக்கும் வேய்வதற்குத் தனியான புல் வேண்டும். சதுப்புகள் சுருங்கி, மேடுகளில் சீகை ஏறிய பிறகு அந்தப் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. சுற்றுலா வருபவர் தோடர் சால்வையை விலைக்கு வாங்குகிறார். அதில் பூவேலை செய்கிறவர்களின் கோயில் கூரைக்குப் புல் கிடைக்கிறதா என்ற கேள்வி அவர் வரை போய்ச் சேர்வதே இல்லை.

தண்ணீரும் இதில் அடங்கும். மழையை ஈரத்துணி போலப் பிடித்துவைத்துக்கொண்டு கோடையில் மெல்லக் கசியவிடுபவை இந்தப் புல்வெளியும் சோலையும் சதுப்பும். பவானி இங்கேதான் பிறக்கிறது. பைக்காரா ஆறு மாயாறாக இறங்கிப் பவானிசாகரில் அதோடு சேர்கிறது. கோபிசெட்டிபாளையத்து வயலுக்கு வாய்க்காலில் வரும் நீரில் மலைமேல் அவலாஞ்சியில் பெய்யும் மழையும் கலந்திருக்கிறது. அந்த மழை எப்படிப்பட்டது என்று 2019 ஆகஸ்டில் பார்த்தோம். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 2009 நவம்பரில் பெருமழையும் மண்சரிவும் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. மலைச்சரிவில் என்ன நிற்க வேண்டும் என்பதைப் பார்வைக்கு எது அழகு என்று மட்டும் கேட்டுத் தீர்மானிக்க முடியாது.

இப்போது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. வியாபாரிகளுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. அவர்கள் பிழைப்பும் இந்த மலையில்தான். நான் வரம்பை ஆதரிக்கிறேன். ஆனாலும் எத்தனை பேர் வரலாம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. வருகிறவருக்கு எதைக் காட்டுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பூங்காவில் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது புல்வெளியை விளக்கிச் சொல்வதற்குச் செலவிடலாம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களைத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவை மூடியே இருக்கட்டும். சாலையோரத்தில் இருப்பதே நிறையப் பேசும்.

அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையையே வகுத்தது. நல்ல செயல். ஆனால் இதில் அவசரப்பட்டால் கெட்டுவிடும். சீகையை வெட்டினால் வேரிலிருந்து தளிர்க்கிறது; அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, வெளிச்சம் பட்டவுடன் நெருக்கமாக முளைக்கிறது. ஆகவே மீட்பு வேலை என்பது மரம் வெட்டியபின்தான் தொடங்குகிறது. மிச்சமிருக்கும் புல்வெளியிலிருந்து தூர் எடுத்து நாற்றாக்கி நட வேண்டும். பிறகு ஒவ்வொரு வருடமும் அதே சரிவில் ஏறி, முளைத்த சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். எது புல், எது களை என்று அடையாளம் தெரிந்த கைகள் அதற்கு வேண்டும். தோடர் மந்துகளிலும் படகர் ஊர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து இருபது, முப்பது ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக வேலை கொடுக்க எந்த நிதிநிலை அறிக்கை முன்வரும் என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.