குட்டிக்குப் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு

மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் கோலா சாவா வட்டாரத்தில் நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? நகத்தை. குட்டியை மல்லாக்கப் புரட்டிக் காலைப் பிரித்துப் பிரித்து எண்ணுகிறார்கள். இத்தனை இருந்தால் வீட்டுக்கு யோகம், இத்தனை இருந்தால் எசமானை விழுங்கிவிடும். அப்புறம் ஆணா பெட்டையா என்று ஒரு தீர்ப்பு. அப்புறம் நிறம், நெற்றியில் வெள்ளை. கடைசியாகக் கிழமை, திதி: செவ்வாய் வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம். குட்டிக்கு எத்தனை வாரம் ஆகிறது, பால் மறந்துவிட்டதா, ஊசி போட்டாயிற்றா என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நகக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நாயின் முன்காலில் தரையில் படும் விரல் நான்கு. உட்புறம் சற்று மேலே, தரையைத் தொடாமல் ஒரு கட்டைவிரல். பின்காலில் நான்கு. ஆக 18 நகம். சில குட்டிகளுக்குப் பின்காலிலும் அந்தக் கட்டைவிரல் வரும், அது பரம்பரைக் குணம், அப்போது 20. ஒரு காலில் மட்டும் வந்தால் 19. இதில் எசமானின் ஆயுள் எந்த விரலில் ஒளிந்திருக்கிறது என்று எண்ணுகிறவர்தான் சொல்லவேண்டும். மேலே தொங்கும் அந்த விரலின் நகம் தரையில் உரசித் தேயாது. அவ்வப்போது வெட்டிவிடாவிட்டால் வளைந்து சதைக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். எண்ணிய கை அதை ஒருநாளும் வெட்டியதில்லை.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு இலங்கையின் ஆபிரகாம் கோவூரை நினைவூட்டலாம். 1978இல் மறைந்த அந்தப் பகுத்தறிவாளர் சோதிடர்களுக்குப் பந்தயப் பணம் வைத்துச் சவால் விட்டார்: இந்த ஜாதகங்களில் யார் ஆண், யார் பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் செத்துப்போனார், சொல்லுங்கள் பார்க்கலாம். அவர் சாகும்வரை பணம் அவரிடமேதான் இருந்தது. மனிதனுக்கே இந்தக் கதி என்றால் குட்டிக்கு எந்த ராகுகாலம்?

வயிற்றெரிச்சலான விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு வீட்டில் குட்டி வாங்கி வருகிறார்கள். சில நாளில் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. வாந்தி. அதன்பின் ரத்தம் கலந்த கழிச்சல்; அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அழ, பின்கட்டில் புதைக்கிறார்கள். அழுகையை நிறுத்த அடுத்த மாதமே இன்னொரு குட்டி. அதுவும் அப்படியே போகிறது. மூன்றாவதும் போய்விட்டால், “இந்த வீட்டு மண்ணுக்கு நாய் ஆகாது” என்று முடிவாகிவிடும். சாமியாடியிடம் போவார்கள். வாசலில் பூசணிக்காய் தொங்கும். சில வீடுகளில் எல்லார் பார்வையும் புதிதாக வந்த மருமகள் மேல் திரும்பும்.

மண் என்று அவர்கள் சொன்னது ஒருவகையில் சரிதான். குட்டிகளைக் கொன்ற பார்வோ வைரஸ் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. 1978இல் கண்டறியப்பட்டு, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் உலகம் முழுக்கப் பரவிய கிருமி அது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், சிலசமயம் ஓராண்டு வரைகூட வீரியம் குறையாமல் இருக்கும். நம் ஊர் மழைக்கும் செம்பனை நிழலுக்கும் சொல்லவா வேண்டும்? முதல் குட்டி கழிந்த இடத்தில் இரண்டாவது குட்டி மூக்கை வைத்தது, அவ்வளவுதான். சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது. சிமெண்டுத் தரையானால் நன்றாகக் கழுவிவிட்டு, குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீர் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும். மண் தரைக்கு அதுவும் பலிக்காது. ஊசிகளை எல்லாம் முடித்த நாயைத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

“ஊசி போட்டோமே, அப்படியும் செத்ததே” என்பார்கள். ஒரே ஊசியோடு நிறுத்தியிருப்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவர் காசு பிடுங்குகிறார் என்று முணுமுணுக்கும் அதே ஆள் பரிகாரத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

வைத்தியமும் இப்படித்தான். சொறி வந்தால் மோட்டார் சைக்கிளில் ஓடித் தேய்ந்த கறுப்பெண்ணெயை எடுத்து உடம்பெல்லாம் பூசுவது. அது தோல் வழியாகவும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போகிற நஞ்சு. ரோஷம் வரப் பச்சைமிளகாய், வீரம் வர வால் வெட்டு. பாசத்தில் கொடுப்பதும் சில சமயம் கேடுதான்: வெங்காயம் வெந்து கரைந்த குழம்புச் சோறு, உலர்ந்த திராட்சை போட்ட பாயசம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்நியனை நெருங்க விடக்கூடாது என்று குட்டியை யார் கண்ணிலும் படாமல் மூலையில் கட்டிவைப்பது இன்னொரு ஞானம். அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது முதல் பதினான்கு வாரம்வரை மனிதர் பழகாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டாலே மிரண்டு ஒதுங்கின. மிரளுகிற நாய்தான் கடிக்கும். அது திருடனைத் தேடிப் போய்க் கடிப்பதில்லை, கையருகே வருகிற பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது.

பால்மரக் காலத்தில் லயங்களில் யாரும் நாய் வளர்த்ததாகச் சொல்ல முடியாது. நாய்கள் தாமே வளர்ந்தன. விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர் பின்னால் ஓடும். பாம்பைக் கண்டால் குரைக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும் கூட வரும். ஏதாவது ஒரு வீட்டில் மீதிச் சோறு கிடைக்கும். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. செண்டாயான் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். தாமான் என்ற குடியிருப்புகளுக்கு மாறிய சனங்கள் சாமி படத்தைக் கொண்டுபோனார்கள், அம்மியைக்கூடக் கொண்டுபோனார்கள். நாயை விட்டுப்போனவர்கள் நிறைய. அந்த மிச்சங்கள் பெருகித்தான் இன்று தாமான் வாசலில் நிற்கின்றன. ஊராட்கள் அவற்றைத் தெருநாய் என்கிறார்கள், ஏதோ தெருவே அவற்றைப் பெற்றுப்போட்டதுபோல.

பெட்டைக்குட்டிக்கு வருவோம். “குட்டி போட்டுத் தள்ளும், ஊர்க் கடுவனெல்லாம் வாசலில் வந்து நிற்கும்” என்று கண் திறக்குமுன் அட்டைப்பெட்டியில் போட்டு, மோட்டாரில் கொண்டுபோய்ச் செம்பனைக்காட்டு ஓரமோ கோயில் வாசலிலோ வைத்துவிட்டு வருகிறார்கள். கொல்லவில்லையாம், பாவம் வரக்கூடாதாம், சாமி பார்த்துக்கொள்ளுமாம். 2009இல் சிலாங்கூரின் பூலாவ் கெத்தாமில் நூற்றுக்கணக்கான நாய்களைப் பிடித்து ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் இறக்கிவிட்டார்கள். அங்கும் யாரும் கொல்லவில்லை. பட்டினியில் அவை ஒன்றையொன்று தின்றன. 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் கோப்பி என்ற தெருநாயைக் கொன்றபோது நாடே கொதித்தது. அப்படிக் கொதித்தவர்களில் அட்டைப்பெட்டி வைத்தவர்கள் எத்தனை பேர்?

பெண் சிசுவைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது. நாயையும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். கழித்துக்கட்டச் சொன்ன காரணம் இரண்டிலும் ஒன்று: பெண் செலவு, பெண் தொல்லை. ஒரு தகவல் சொல்கிறேன். பூமியைச் சுற்றிய முதல் விலங்கு, 1957 நவம்பர் 3ஆம் தேதி போன லைக்கா, மாஸ்கோ தெருவில் பிடித்த பெட்டை. நெருக்கமான கலத்துக்குப் பெட்டைதான் தோது என்று பார்த்தே எடுத்தார்கள். (திரும்பி வர வழி செய்யாமல்தான் அனுப்பினார்கள். விஞ்ஞானம் என்றதும் கருணை தானாக வந்துவிடாது.)

இவ்வளவும் செய்துவிட்டுத் தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை! பக்கத்தில் நிற்கும் கல்நாய்க்கும் குங்குமம். தோட்டத்து முனியாண்டி கோயிலில் சிமெண்டு நாய்க்கு வருடா வருடம் சாயம் பூசி மாலை போடுகிறோம். உயிருள்ள சொறிநாய் அந்த வாசலுக்கு வந்தால் கல். சனி தோஷத்துக்குக் கறுப்பு நாய்க்குச் சோறு வை என்கிறார் சோதிடர். கறுப்புக் குட்டி வீட்டுக்கு ஆகாது என்பவரும் அவரே. அதாவது, கறுப்பு நாய் இருக்கவேண்டும், அது நம்முடையதாக இருக்கக்கூடாது, பசியோடும் இருக்கவேண்டும். அப்போதுதான் நம் தோஷம் கழியும். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து மூடநம்பிக்கைக்கு எதிராக மேடை மேடையாகப் பேசிவிட்டுப் போனார். நூறாண்டு நெருங்குகிறது.

அண்டைவீட்டாரையும் நினைக்கவேண்டும். பல தாமான்களில் பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். நாயின் எச்சில் பட்டால் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும் என்பது அவர்கள் முறை. அதை நீங்கள் நம்பத் தேவையில்லை. அவர் வாசலில் உங்கள் நாய் போய் நிற்கவும் தேவையில்லை. 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் சைட் அஸ்மி என்ற முஸ்லிம் இளைஞர் நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி நடத்தினார். பெருங்கூட்டமும் வந்தது, கடும் எதிர்ப்பும் வந்தது. அவர்கள் நம்பிக்கையை அவர்கள் கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். நம்முடையதைக் கேட்கிற வேலையே நமக்குத் தலைக்குமேல் கிடக்கிறது.

ஆகவே குட்டியைத் தூக்குமுன் வாசல் கேட்டின் அடியில் சந்து இருந்தால் அடையுங்கள். உள்ளூர் மன்றத்தில் உரிமம் எடுங்கள். நீங்கள் ஷிஃப்டு வேலைக்குப் போனால் சோறும் தண்ணீரும் வைப்பது யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கான பேச்சு அது. 2017 சூலை முதல் நடப்பிலுள்ள விலங்கு நலச் சட்டப்படி, கொடுமைப்படுத்துகிறவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குட்டி பெட்டையானால், ஆறாம் மாதம் வாக்கில் கருத்தடை செய்ய இப்போதே மருத்துவரிடம் பேசி வையுங்கள். சில நூறு வெள்ளி ஆகும். அதைக் கொடுக்க மனமில்லாதவர் குட்டி எடுக்க வேண்டாம்.