விற்றவரின் சத்தியம்

பொருளை விற்பவர், "இதில் பின்னர் எக்குறை தெரிந்தாலும் எம்மைக் கேட்கலாகாது" என்று முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுக்கொண்டால், அவருடைய பொறுப்பு நீங்கிவிடுமா? ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் இத்தகைய நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹம் விலைக்கு விற்றார்கள். வாங்கியவர் நோயைக் கண்டு, கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். கலீஃபா அவர்கள் நிபந்தனையோடு நின்றுவிடவில்லை. குறையை அறியாமலே விற்றதாகச் சத்தியம் செய்யுமாறு கேட்டார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஜப்பானின் மினமாட்டாவை எண்ணும்போதெல்லாம் இவ்வழக்கே நம் நினைவுக்கு வருகிறது. அங்கே சிஸ்ஸோ ஆலை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. அக்கடலின் மீனை உண்ட குடும்பங்கள் கைகால் நடுங்கி, பார்வை குறுகி, நாக்குழறி வீழ்ந்தன. 1956 மே 1-இல் இந்நோயை அதிகாரிகளுக்கு அறிவித்தவர் ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகவா. அவரே 1959-இல் ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அக்டோபரில் பூனைக்கும் அதே வலிப்பு. நிர்வாகம் மேற்கொண்டு சோதிக்க விடவில்லை, முடிவும் வெளிவரவில்லை.

அவ்வாண்டு டிசம்பரிலேயே நோயாளிகளோடு உடன்படிக்கை! இறந்தவருக்கு 3 இலட்சம் யென். அதற்கு "அனுதாபப் பணம்" என்று பெயர். கழிவே காரணமென்று பிற்காலத்தில் தெளிந்தாலும் மேற்கொண்டு ஏதும் கோரலாகாது என்பது அதன் ஒரு விதி. வறுமையுற்ற மீனவர்கள் ஒப்பமிட்டனர். கழிவோ 1968 வரை ஓடியது.

1970-இல் ஹொசோகவா நோய்ப்படுக்கையிலிருந்து சாட்சியம் அளித்தார். அத்தனை ஆண்டு மௌனத்தை நாம் எளிதில் பொறுக்க இயலாது. எனினும் இறுதியிலேனும் வாய் திறந்தார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் அவ்வுடன்படிக்கை செல்லாதென்றது. கலீஃபா அவர்கள் கேட்ட சத்தியத்தை ஆலையினர் எவ்வாறு செய்திருக்க முடியும்?

தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருக்கரம் ஈரத்தைக் கண்டது. பாதரசத்தையோ கை காணாது. மூக்கும் நாவும் அறியா. கழுவினாலும் சமைத்தாலும் அது போகாது. நீரடிச் சேற்றின் நுண்ணுயிர்கள் அதை மீன்தசையில் தங்கும் நஞ்சாக மாற்றுகின்றன. பண்ணை மீனுக்குக் கடல்மீனை அரைத்துச் செய்த தீவனத்தின் வழியாகவும் அது வந்து சேரும். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் நமக்கு இவை எங்ஙனம் புலப்படும்? எந்த வாய்க்காலின் நீர் குளத்திற்கு வருகிறது, அதன் மேற்புறம் எந்த ஆலை நிற்கிறது என்பதை வளர்ப்பவரே அறிவார். அறிந்தபின் அவர், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று சொல்வது செல்லாது.