நான்காமவர்

"நர்சு வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள் சார். நீங்களே கேளுங்கள். கண்டவனுடைய கழிவைத் துடைப்பதற்கா இவளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தேன்?"

மகளை என்முன் நிறுத்திவிட்டு ஒரு தந்தை இப்படிக் கேட்டார். மாணவி தலைகுனிந்து நின்றாள். தலைதான் குனிந்திருந்தது, உறுதி குனியவில்லை. நான் உடனே விடை கூறவில்லை. கேட்டவரை இதற்கு முன்பே ஓரிடத்தில் கண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் பக்கவாதத்தால் ஒரு மருத்துவமனையில் கிடந்த நாட்கள் அவை. எதிர்வரிசைக் கட்டிலில், சர்க்கரை நோயால் காலில் புண் புரையோடிப் படுத்திருந்தார் இந்த மனிதர். கட்டுப் பிரிக்கும் நேரம் வந்தால் அந்தக் கூடம் முழுவதும் நாற்றம் பரவும். பெற்ற மகன், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் போய் நிற்பான். செவிலியர் ஒருவர் மட்டும் முகஞ் சுளிக்காமல் குனிந்து, புண்ணைக் கழுவி, அழுகிய சதையின் எல்லை நேற்றைக்கு இன்று எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடி கட்டுப் போடுவார். அவரைப் பார்த்து இவர் இருகையும் கூப்பி, "அம்மா, நீ மனுஷியில்லை, தெய்வம்" என்பார். நாள்தோறும் சொன்னார். நான் கேட்டிருக்கிறேன்.

நேற்று வரை தெய்வத்தின் வேலை; தன் மகளுக்கு என்றதும் கழிவு துடைக்கும் வேலை! அவரைப் பழித்து என்ன பயன்? இந்த முரண்பாடு அவர் ஒருவருடையதா? பிறர் வீட்டுப் பெண் செய்தால் தெய்வத் தொண்டு, நம் வீட்டுப் பெண் செய்தால் மானக்கேடு என்ற இரட்டை நாக்கு, நம் சமுதாயம் முழுவதற்கும் உண்டு. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இங்கே பகையல்ல, உடன்பிறப்புகள். தெய்வம் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவரோடு சமமாக அமர வேண்டியதில்லை. அவருக்கு என்ன ஊதியம், எத்தனை மணி நேர வேலை என்று கேட்கவும் வேண்டியதில்லை. தெய்வத்துக்குப் பசிக்குமா என்ன?

இழிவு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. மனிதனைத் தொடலாமா கூடாதா என்பதை வைத்தே மேல் கீழ் வகுத்த நாடு இது. குருதி தீட்டு, பிணம் தீட்டு, பிள்ளைப்பேறு தீட்டு. நள்ளிரவில் வயிற்றுவலி கண்டதும் ஓடிப்போய் அழைத்து வந்த மருத்துவச்சிக்கு, பிள்ளை பிறந்தபின் கொல்லைப்புறமே வழி. அவள் போனபின் வீட்டைக் கழுவிவிடுவார்கள். தாயையும் சேயையும் காத்த கை, தீட்டுப்பட்ட கை ஆயிற்று. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிய பிறகும், நெடுங்காலம் அந்தப் படிப்புக்கு முன்வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களுமே. 'உயர்ந்த' குடும்பத்தார் தங்கள் பெண்களை அனுப்ப நாணினர். ஆனால் நோய் வந்தபோது அந்தப் பெண்களின் கையால் மருந்து வாங்கிக் குடிக்க நாணவில்லை.

இவ்வளவுக்கும், மருத்துவம் என்றால் என்னவென்று நம்மவர் அறியாதவரல்லர். வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர் ஒரு கூறு; நோய் தீர்ப்பவர் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; அருகிருந்து மருந்தை முறையாகத் தருபவர் ஒரு கூறு. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் இல்லை என்பது அதன் கருத்து. அந்த நான்காமவரை வள்ளுவர் மருத்துவரின் ஏவலாள் என்று சொல்லவில்லை. மருத்துவரோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். (அவர் கையாண்ட சொல் ஆண்பாலில் இருக்கிறது என்பதையும், இது பெண்களுக்கே உரிய வேலை என்று சாதிப்போர் கொஞ்சம் கவனிக்கட்டும்.) நூல் படித்தோம், நான்காமவரை மட்டும் மறந்தோம்.

இனி, அந்த நான்காமவர் செய்வது என்ன? "ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார்" என்றுதான் என் மாணவர்களிற் பலரும் விடை எழுதுவர். நானும் ஓர் இரவு வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

நாற்பது கட்டில்களுக்குச் சற்றுக் குறைவான கூடம். இரவுப் பணியில் ஒரு செவிலியர், துணைக்கு ஒரு பயிற்சி மாணவி. அசைய இயலாமற் கிடந்த என் தந்தையாரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் அழுத்தம் பட்ட இடம் புண்ணாகும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். அன்றிரவு இரண்டு மணி இருக்கும். புரட்டுவதற்கு வந்தவர் புரட்டவில்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிட நேரம் தந்தையாரின் மார்பையே நோக்கி நின்றார். மூச்சை எண்ணினார். இருபதுக்குள் இருக்க வேண்டியது முப்பத்திரண்டு இருந்தது. நான் அருகிலேயே அமர்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நன்றாகத் தூங்குகிறார்" என்றே நினைத்திருந்தேன்.

மருத்துவரை அழைத்தார். மறுமுனையில் தூக்கம் கலையாத குரல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க வேண்டும். செவிலியர் குரலை உயர்த்தவில்லை. "இப்போது வந்து பார்க்க வேண்டும் டாக்டர். மணி, எண்ணிக்கை எல்லாம் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்" என்றார். மருத்துவர் வந்தார். உணவோ உமிழ்நீரோ மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் பழுதுபடத் தொடங்கியிருந்தது. காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மருத்துவர் நோயாளியிடம் செலவிடுவது சில நிமிடம். எஞ்சிய இருபத்து மூன்று மணிச் சொச்சத்தில் நோயாளி சாகாமல் இருக்கிறாரென்றால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பார்ப்பது என்பது கண்ணிருந்தால் வருவதா? நானும்தான் கண் திறந்து அமர்ந்திருந்தேன்! அது கற்றுத் தேர்ந்த அறிவு. விளக்கேந்திய மங்கை என்று நாம் பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். 1854-ல் கிரிமியப் போரின்போது முப்பத்தெட்டுப் பெண்களுடன் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றவர். போர்வீரர்கள் வெட்டுக் காயத்தாலன்றி, அழுக்கும் சாக்கடையும் தந்த நோயாலேயே பெருவாரியாக மாண்டனர் என்பதை, போர் முடிந்து நாடு திரும்பியபின் எண்களைத் திரட்டி, 1858-ல் படம் வரைந்து அரசுக்கு எடுத்துக்காட்டியவர். இலண்டன் புள்ளியியற் கழகத்தில் உறுப்பினரான முதற்பெண் அவர். அந்தக் கையிலிருந்த கணக்கேட்டை மறைத்துவிட்டு விளக்கை மட்டும் நமக்குக் காட்டினார்கள். விளக்கு பக்திக்கு ஏற்றது. கணக்கு கேள்வி கேட்கும்.

கணக்கு இன்னமும் கேட்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை மருத்துவம் பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. நம் நாட்டிலும் இந்தியச் செவிலியர் மன்றம் அளவு வகுத்திருக்கிறது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், பயிற்சி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர். நான் கண்ட கூடத்தின் கணக்கை மேலே சொல்லிவிட்டேன்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. "கூலிக்குச் செய்வது எப்படி அன்பாகும்? உண்மையான பணிவிடை பெற்றவர் உற்றவர் செய்வதே, ஊதியம் வாங்கினால் அது வெறும் வேலை" என்று கூறுவோர் உண்டு. அழகாகத்தான் தோன்றும். நானும் ஊதியம் வாங்குகிறேன். அதனால் நான் கற்பிக்கும் கணக்கு பொய்யாகிவிட்டதா? அதை விடுங்கள். அன்பின் இயல்பை எண்ணிப் பாருங்கள். அன்பு ஆள் பார்க்கும், உறவு பார்க்கும், நம் நாட்டில் சாதியும் பார்க்கும். அன்புள்ள மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலருகே நின்றதை நான் கண்டேனே! உறவில்லாத முதியவர், பெயர் தெரியாத பிச்சைக்காரர், சிறையிலிருந்து விலங்கோடு கொண்டுவரப்பட்டவர், இவர்களை யார் விரும்பித் தொடுவார்? செவிலியர் தொடுகிறார். விரும்புகிறாரா இல்லையா என்பது கேள்வியே அன்று. இரண்டு மணியானால் புரட்டியாக வேண்டும், அந்த உடல் எந்தத் தெருவிலிருந்து வந்திருந்தாலும்.

அருளால் கிடைப்பது, அருள் வற்றினால் நின்றுபோகும். அதற்காக நன்றியோடு காலில் விழவும் வேண்டியிருக்கும். தொழிலாகக் கிடைப்பதோ உரிமை. தீண்டலாமா என்று யோசிக்காமல் அயலான் உடலைத் தொட்டுக் காப்பது கடமை என்று எழுதி வைத்த ஏற்பாடு, தீட்டுப் பேசிய இம்மண்ணில் எவ்வளவு பெரிய புரட்சி! அதைச் சிறுமைப்படுத்துகிறது 'தொண்டு' என்ற புகழுரை.

சிறுமைப்படுத்துவதோடு நிற்கவில்லை, சுரண்டவும் துணைபோகிறது. 2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த செவிலியர்க்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரமும் சம ஊதியமும் கேட்டு 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு அமர்ந்தபோது, "நோயாளிகளைத் தவிக்க விடலாமா? இதுவா தொண்டு?" என்று கேட்டவர் பலர். தனியார் மருத்துவமனைகளின் நிலையை ஆராய உச்ச நீதிமன்ற ஆணைப்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2016-ல் பரிந்துரைத்தது. பரிந்துரை! சட்டமன்று. மகளை அனுப்ப மறுத்த அந்தத் தந்தையின் பேச்சில் சாதிப் பித்து மட்டும் இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன். சந்தை நிலவரமும் இருந்தது.

ஊதியத்தைப் போலவே பறிக்கப்பட்ட மற்றொன்று, சொல்லும் உரிமை. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-ல் முதன்முதல் ஒழுக்க நெறி வகுத்தபோது, மருத்துவரின் ஆணையை அறிவோடும் பற்றோடும் நிறைவேற்றுவதைக் கடமையாக எழுதிற்று. இருபதாண்டு கழித்து, 1973-ல், அந்நெறி திருத்தப்பட்டது. செவிலியரின் முதற்பொறுப்பு, பராமரிப்பை வேண்டி நிற்பவர்களிடமே என்று எழுதப்பட்டது. சிறு திருத்தமா அது? பணிவை அறமாகக் கொண்டிருந்த ஒரு தொழில், பொறுப்பை அறமாகக் கொண்ட நாள். மருந்தின் அளவு தவறென்று தெரிந்தும் "ஐயா சொன்னார், போட்டேன்" என்றால் பழி யாரைச் சேரும்? இருவரையும் சேரும். பழியில் பங்குண்டு என்றால் பேச்சிலும் பங்கு வேண்டுமல்லவா? காலையில் பார்க்கலாம் என்ற குரலுக்குப் பணிந்திருந்தால், அந்தச் செவிலியர் நல்ல பணியாளராக இருந்திருப்பார். என் தந்தையார் இருந்திருக்க மாட்டார்.

நகரத்து மருத்துவமனையோடு இது முடிவதில்லை. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அங்கே இருப்பவர் மருத்துவரல்லர். கிராம சுகாதாரச் செவிலியர். கருவுற்றவளின் பெயரைப் பதிவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, சோகையா என்று ஆராய்வது, பிறந்த குழந்தையை எடை போடுவது, தடுப்பூசிக்கு வராத வீட்டைத் தேடிப் போவது, எல்லாம் அவர் தலையில். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்முறைப் பணிக்குச் செவிலியர் அமர்த்தப்பட்ட பிறகு, நள்ளிரவிலும் பேறு பார்க்கும் கதவு திறந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைப்பேறு மருத்துவமனையில் நடக்கிறது. இந்தப் பெருமையை மேடையில் யார் யாரோ பேசுகிறார்கள். குடையும் பதிவேடுமாகத் தெருத்தெருவாக நடந்தவர் பெயர் அந்த மேடையில் ஒலித்து நான் கேட்டதில்லை.

அந்தத் தந்தையிடம் நான் நூலும் கணக்கும் பேசவில்லை. "ஐயா, உங்கள் காலைக் கழுவியவரும் ஒருவருடைய மகள்தானே?" என்று மட்டும் கேட்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்துத் தனியாக வந்தார். விடுதியில் பாதுகாப்பு எப்படி, இரவுப் பணி முடிந்து திரும்ப வண்டி உண்டா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் மகள் எல்லாவற்றையும் ஊர்ச் செவிலியரிடம் முன்பே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் என்று அவரே சொன்னார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"படித்து முடித்தால் நிரந்தர வேலையா சார், தொகுப்பூதியமா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.